ரிசல்ட் அன்று லினக்ஸ் போட்டது

அன்று காலை கடையில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன்.

முதலாளி அண்ணா. செம்பாக்கம் மெயின் ரோட்டில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தார். மூன்று போன், ஒரு ஜெராக்ஸ் மிஷின், ஒரு கம்ப்யூட்டர்.

அவர் சம்சாரம், நான் அக்கா என்று கூப்பிடுவேன். கடைக்குப் பின்னாலேயே வீடு. நடுவில் ஒரு கதவு. அந்தக் கதவு சாத்தி நான் பார்த்ததில்லை.

குரோம்பேட்டையில் இன்ஜினியரிங் கடைசி வருஷம் படிக்கிற இரண்டு பேர். ஒருவன் உயரம், ஒருவன் குட்டை. எங்கள் கடைக்கு நெட் பார்க்க வருகிறவர்கள்.

பம்மலிலிருந்து வந்த ஒரு அம்மா. தோல் செருப்புக்கு மேல்பாகம் தைக்கிற வேலை. கூடவே அவர் மகள்.

அப்புறம் நான். பில் கிழித்துக் கொடுப்பது, ஜெராக்ஸ் எடுப்பது, கம்ப்யூட்டரில் உட்காருகிறவர்களுக்கு மணி பார்ப்பது, சாயங்காலம் பெருக்குவது என் வேலை.

கம்ப்யூட்டரையும் சேர்த்திருக்கலாம். ஆனால் அன்று அது இருந்தது என்று சொல்ல முடியாது. முந்தின நாள் மத்தியானமே செத்துவிட்டது. யாரோ ஒருவர் ஃபிளாப்பியில் பயோடேட்டா கொண்டு வந்தார். பயோடேட்டாவோடு வைரஸும் வந்தது. திரை நீலமாகி அப்படியே நின்றது.

நின்றது கூடப் பரவாயில்லை. மறுநாள் பத்தாம் வகுப்பு ரிசல்ட். காலை பத்து மணிக்கு நெட்டில் வரும். கம்ப்யூட்டர் வைத்திருந்த கடைக்காரர்களுக்கு அந்த நாள்தான் தீபாவளி. ஒரு நம்பர் போட்டுப் பார்த்துச் சொன்னால் பத்து ரூபாய். முதலாளி அண்ணா ஒரு வாரம் முன்பே வாசலில் போர்டு வைத்திருந்தார். இங்கே ரிசல்ட் பார்க்கப்படும். பெரிய எழுத்து.

எப்போதும் கம்ப்யூட்டரைச் சரி செய்கிறவர் மேற்குத் தாம்பரத்தில் இருந்தார். அன்று ஊரில் இல்லை. நாகர்கோவிலில் மச்சினர் வீட்டுக் கிரகப்பிரவேசம். கம்ப்யூட்டருக்கு மறுபடி உயிர் கொடுக்கிற சிடியும் அவர் பையிலேயே போய்விட்டது. அது ஒரிஜினல் சிடி இல்லை என்பது எங்களுக்குத் தெரியும். அந்த ஏரியாவில் ஒரிஜினல் சிடியை யாரும் பார்த்ததில்லை.

கம்ப்யூட்டர் செத்த சாயங்காலம்தான் உயரமானவன் சொன்னான், லினக்ஸ் போட்டுத் தருகிறேன் என்று. அதுவும் கம்ப்யூட்டரை ஓட வைக்கிற புரோகிராம்தான், வேறு வகை.

அவன் பல நாளாக அதைச் சொல்லிக்கொண்டிருந்தான். அன்றுதான் கேட்க ஆள் கிடைத்தது.

“எவ்ளோ ஆவும் தம்பி?” என்றார் முதலாளி அண்ணா.

“ஃப்ரீ சார்.”

“இப்ப ஃப்ரீ. அப்பறம்?”

“அப்பறமும் ஃப்ரீதான் சார். வைரஸ் வராது. போலீஸ் வந்து கேட்டாலும் பயமில்ல.”

“யாரு பண்ணது இத?”

“ஒருத்தர் இல்ல சார். உலகம் பூரா இருக்கிறவங்க, ஆளுக்குக் கொஞ்சம் எழுதி, சேர்த்து வெச்சது.”

“சம்பளம்?”

“இல்ல சார். நிறைய பேர் சும்மாதான் பண்றாங்க.”



“அப்ப அவுங்க வூட்டுக்கு அரிசி யாரு வாங்கிப் போடறது?”

உயரமானவன் நிறைய படித்தவன். அரிசி மட்டும் அவன் பாடத்தில் வரவில்லை. சரி என்றார் முதலாளி அண்ணா. வேறு வழி இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டார்.

என் விஷயம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். அன்று எனக்கும் ரிசல்ட்.

சின்ன வயதில் பத்தாவது எழுதியபோது கணக்கில் போய்விட்டது. மற்றதெல்லாம் பாஸ். அப்புறம் கல்யாணம், இரண்டு பிள்ளைகள். நடுவில் இரண்டு தடவை தனியாகப் பணம் கட்டி எழுதினேன். இரண்டு தடவையும் கணக்கு என்னை விடவில்லை. பூத்தில் வேலை பார்த்தவளுக்குக் கணக்கு வராதா என்று கேட்கலாம். பூத்தில் பில்லை மிஷினே போட்டுவிடும்.

எங்கள் தெருவில் அங்கன்வாடி இருந்தது. அங்கே வேலை பார்த்த அக்கா ரிட்டயர் ஆகிறார். பத்தாவது பாஸ் ஆகியிருந்தால் அந்த வேலைக்கு மனுப் போடலாம். வயது முப்பத்தைந்துக்குள் இருக்க வேண்டும். எனக்கு அப்போது முப்பத்துநான்கு. அடுத்த வருஷம் பாஸ் செய்து பிரயோசனம் இல்லை. கணக்கில் முப்பத்தைந்து வந்தால் பாஸ். நூற்றுக்கு முப்பத்தைந்து. பெரிய ஆசை என்று சொல்ல முடியாது.

மூன்றாம் தடவை எழுதியது வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியும். பெயிண்ட் வேலைக்குப் போகிறவர். “எழுது” என்றார்.  கடையில் யாருக்கும் சொல்லவில்லை. முதலாளி அண்ணாவிடம் சொன்னால் இரண்டு சங்கடம். ஃபெயில் ஆனால் சிரிப்பார். பாஸ் ஆனால் புது ஆள் தேட வேண்டும்.

ஆகவே கூட்டம் போன பிறகு, யாருக்கும் தெரியாமல் கம்ப்யூட்டரில் நானே போட்டுப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தேன். நம்பரை எழுதி வைத்துக்கொள்ளவில்லை. வாயிலேயே இருந்தது. கம்ப்யூட்டர் செத்ததும் எல்லாரையும் விட எனக்குத்தான் நஷ்டம். ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ரிசல்ட் அன்று காலை ஆறரை மணிக்கு இரண்டு பேரும் வந்தார்கள். கையில் மூன்று சிடி. ஒரு பக்கம் மார்க்கர் பேனாவில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதியிருந்தது. பம்மல் அம்மா ஏழு மணிக்கெல்லாம் மகளை இழுத்துக்கொண்டு வந்து, பூட்டாத கடைக்கு முன்னால் வரிசையில் நின்றார். வரிசையில் அவர் மட்டும்தான். ரிசல்ட் பத்து மணிக்கு என்றேன்.

“தெரியும். மொதோ ஆளா பாத்துட்டு ஷிப்டுக்குப் போவணும்” என்றார். உள்ளே ஸ்டூலில் உட்கார வைத்தேன்.

முதல் சிடி உள்ளே போனது. திரையில் நிறைய கேள்வி வந்தது. என்ன பாஷை, என்ன கீபோர்டு, எந்த ஊர் நேரம். சென்னை இல்லை. கல்கத்தாதான் இருந்தது. கல்கத்தா என்று போட்டான்.

“நாம இன்னாத்துக்குக் கல்கத்தா?” என்றார் முதலாளி அண்ணா.

“ரெண்டும் ஒரே டைம்தான் சார்.”

“அவுங்களுக்கு செம்பாக்கம்னு போடச் சொல்லு, என்னா ஆயிடும்?”

அடுத்த கேள்வி வந்ததும் உயரமானவன் கையை எடுத்துவிட்டான்.

“சார், டிஸ்க்ல இருக்கிறது எல்லாத்தையும் அழிக்கலாமானு கேக்குது.”

“அழி. வைரஸ் போவட்டும்.”

“எல்லாம் போயிடும் சார்.”

“அதான், எல்லாம் போவட்டும்.”

அவன் அமுக்கினான். கொஞ்ச நேரம் கழித்து முதலாளி அண்ணா கேட்டார்.

“வாடகை அக்ரிமென்ட் ஒண்ணு டைப் பண்ணி வெச்சிருந்தேனே. பேரை மட்டும் மாத்தி மாத்தி குடுப்போம். அது கீதா?”

குட்டையானவன் மெதுவாகச் சொன்னான். “இல்ல சார்.”

“எல்லாம்னா அதுவுமா?”

 அந்த ஒரு அக்ரிமென்ட்டில் செம்பாக்கத்தில் பாதி வீடு வாடகைக்குப் போயிருந்தது.

திரையில் ஒரு கோடு மெதுவாக நகர ஆரம்பித்தது. இருபது நிமிஷம் ஆகும் என்றார்கள். இருபது நிமிஷமும் இரண்டு பேரும் சண்டை போட்டார்கள். லினக்ஸில் பல சாதி இருக்கிறதாம். இப்போது போடுவது உயரமானவனுடையது. குட்டையானவனுக்கு அது பிடிக்காது. அவனுடையது வேறு.

“இதெல்லாம் சின்னப் பசங்க போடறதுடா. மௌஸை வெச்சே இன்ஸ்டால் பண்றான்.”

“உன்னுது போட்டா மச்சான், அடுத்த வருஷ ரிசல்ட்டுதான் பாக்கலாம்.”

எங்கள் சபையிலும் இப்படி ஒரு பிரிவு நடந்தது. பாட்டுப் புத்தகத்தால் வந்தது. பாதி பேர் பிரிந்து போய் ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் கொட்டகை போட்டார்கள். இரண்டு பக்கமும் அதே கர்த்தர்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள்.

சண்டை முடியாமலேயே இரண்டு பேரும் டீ குடிக்கப் போனார்கள். இரண்டாவது, மூன்றாவது சிடி மேசைமேல் இருந்தது.

அந்த நேரம் பார்த்து நடுக்கதவு வழியாக முதலாளி அண்ணாவின் சம்சாரம் தட்டோடு வந்தார். சந்தனம், குங்குமம், கற்பூரம். கோடு பாதி ஓடியிருப்பதைப் பார்த்தார்.

“பூஜை பண்றதுக்கு மின்னாடியே ஓட்டிட்டாங்களா?” என்றார். முகம் சுருங்கிவிட்டது.

“அவுங்க படிச்ச பசங்க” என்றார் முதலாளி அண்ணா. “நீ இப்ப பண்ணு.”

அந்தக் கடையில் பூஜை போடாமல் எதுவும் ஓடியதில்லை. ஜெராக்ஸ் மிஷின் வந்தபோது அதன் கண்ணாடிமேலேயே பொட்டு வைத்தார்கள். ஒரு வாரம் எல்லார் ரேஷன் கார்டிலும் பொட்டு விழுந்தது. யாரும் குறை சொல்லவில்லை. ஒருவர் மட்டும் தாசில்தார் ஆபீஸில் கேட்டார்கள் என்றார்.

நான் சர்ச்சுக்குப் போகிறவள். ஆனாலும் தட்டை நான்தான் பிடித்தேன். அது என் வேலையில் ஒன்று. அக்கா மானிட்டருக்கு வைத்தார். கீபோர்டுக்கு வைத்தார். கீழே இருந்த பெட்டிக்குக் குனிந்து வைத்தார். அப்புறம் மேசைமேல் இருந்த இரண்டு சிடியையும் எடுத்தார். ஒரு பக்கம் கிறுக்கல். ஒரு பக்கம் பளபளவென்று முகம் தெரிகிறது. எது முகம், எது முதுகு என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. முகத்தில் வைத்தார். சந்தனம் தொட்டு, அதன்மேல் குங்குமம். அழகாகத்தான் இருந்தது. எழுத்து மேலே தெரியத் திருப்பி வைத்தார்.

கற்பூரம் காட்டியதும் பம்மல் அம்மாவும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

எட்டு மணிக்கு டீ குடித்துவிட்டு வந்தார்கள். திரை இரண்டாவது சிடி கேட்டுக்கொண்டிருந்தது. குட்டையானவன் எழுத்து மேலே இருக்கும்படி எடுத்து, அடியைப் பார்க்காமல், உள்ளே போட்டான்.

பெட்டிக்குள் ஒரு சத்தம் வந்தது. மாவு மிஷினில் கல் மாட்டினால் வருமே, அந்த மாதிரி. நின்றது. மறுபடி வந்தது. திரையில் இங்கிலீஷில் நான்கு வரி.

“படிக்க முடியலையாம்” என்றான் குட்டையானவன்.

“எத்தன ஸ்பீடுல எரிச்ச?” என்றான் உயரமானவன். சிடியில் ஏற்றுவதை எரிப்பது என்பார்கள்.

“நாப்பத்தெட்டு.”

“நான் எட்டுல எரிக்கச் சொன்னேன்ல.”

“எட்டுல எரிச்சா விடிஞ்சிடும். அதுவா காரணம்? ரேம் போயிருக்கும்.”

“ரேம் போனா மொதோ சிடியே ஓடாது.”

“கேபிளைப் பாரு.”

பெட்டியைத் திறந்தார்கள். கேபிளைப் பிடுங்கி மறுபடி சொருகினார்கள். ரேம் என்ற பச்சைத் தகட்டை எடுத்து ரப்பரால் துடைத்தார்கள். லென்ஸ் அழுக்கு என்று ஒருவன் ஊதினான். வோல்டேஜ் குறைவு என்று ஃபேனை நிறுத்தச் சொன்னார்கள். ஃபேன் நின்றது. எல்லாருக்கும் வேர்த்தது. பம்மல் அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டே கேட்டார்.

“இதுக்குத்தான் நாலு வருசம் படிக்கிறீங்களாப்பா?”

“இன்னும் முடிக்கலமா” என்றான் உயரமானவன்.

மணி எட்டே முக்கால். கீறல் இருக்கிறதா என்று பார்க்கக் குட்டையானவன் சிடியை வெளியே எடுத்துத் திருப்பினான்.  உயரமானவனிடம் காட்டினான். குங்குமம் வட்டமாக இழுபட்டு, நெற்றியில் வேர்த்தவர்கள் பொட்டு மாதிரி ஆகியிருந்தது.

“யாரு இது பண்ணது?” என்றான் உயரமானவன். கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான்.

“நான்தாம்பா” என்றார் அக்கா. “ஏன், சந்தனம் ஜாஸ்தி ஆயிடுச்சா?”

முதலாளி அண்ணா குறுக்கே வந்தார். “பூஜை போட்டதால நின்னுச்சுன்னு மட்டும் சொல்லாத தம்பி. மொதோ சிடிக்குப் போடாததால கூட இருக்கலாம்.”

 எப்படித் துடைப்பது என்று அடுத்த சண்டை வந்தது. வட்டமாகத் துடைக்கக் கூடாது, நடுவிலிருந்து வெளியே நேராகத் துடைக்க வேண்டும் என்றான் ஒருவன். சட்டையால் துடைத்தால் கீறும் என்றான் இன்னொருவன். அவர்கள் முடிவுக்கு வருவதற்குள் அக்கா இரண்டு சிடியையும் கொண்டு போய்ப் பாத்திர சோப்பு போட்டுக் கழுவி, புடவையில் துடைத்துக் கொண்டு வந்துவிட்டார்.

“கழுவிட்டீங்களா?” என்றான் குட்டையானவன்.

“கழுவாம? பிசுபிசுன்னு இருந்துது.”

பயந்துகொண்டே போட்டான். ஓடியது. மூன்றாவதும் ஓடியது. அது ஓடி முடிந்ததும், எழுத்துப் பக்கம் ஒரு பொட்டு வைக்கட்டுமா என்று அக்கா கேட்டார். வைக்கச் சொன்னார்கள். சொல்லாவிட்டாலும் வைத்திருப்பார்.

ஒன்பதரை மணி. வாசலில் இருபது பேருக்கு மேல் நின்றார்கள். அப்பாக்கள், பிள்ளைகள், ஒரு அண்ணன் பைக்கோடு. உயரமானவன் கம்ப்யூட்டரை நிறுத்தி மறுபடி ஓட்டினான். திரை கறுப்பானது. வரிசையாக எழுத்து ஓடியது. ஒவ்வொரு வரிக்கும் கடைசியில் பச்சையில் ஓகே. ஓகே, ஓகே, ஓகே. பார்க்க நன்றாக இருந்தது. நடுவில் ஒரு வரியில் சிவப்பில் ஃபெயில்டு என்று வந்தது.

பம்மல் அம்மா ஓரளவு இங்கிலீஷ் எழுத்து கூட்டுவார். செருப்புக் கம்பெனியில் சரக்குப் பெட்டி பார்த்துப் பார்த்து வந்தது. கூட்டிப் படித்தார். திரும்பி மகளை ஒரு அறை அறைந்தார்.

“எம்மா, அது என் ரிசல்ட்டு இல்லம்மா” என்றாள் அந்தப் பெண்.

“சிவப்புல போட்டுகினு கீது.”

“அம்மா, அம்மா” என்றான் உயரமானவன். “அது மெயில் அனுப்பற புரோகிராம். அது ஓடல. அது நமக்கு வேணாம்.”

“தபால்லயா வரும் ரிசல்ட்டு?”

“இல்லம்மா.”

“அப்ப நீ எதுக்குப் போட்ட?”

வாசலில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அதற்குள் திரை வெளுத்து, படங்கள் வந்தன. முதலாளி அண்ணா முன்னால் வந்து நின்று பார்த்தார். முன்பு இருந்ததை விட அழகு. மூலையில் ஒரு பறவை. வாத்தா என்று அக்கா கேட்டார். பென்குவின் என்றார்கள். சீட்டாட்டம் கூட இருந்தது. கால்குலேட்டர் இருந்தது. கடிகாரம் கல்கத்தா நேரத்தைச் சரியாகக் காட்டியது.

“நெட்டைப் போடு” என்றார் முதலாளி அண்ணா.

உயரமானவன் அமுக்கினான். ஒன்றும் வரவில்லை. போன் லைன் வழியாக நெட் வருகிற காலம். பழைய நாளில் அமுக்கினால் பெட்டிக்குள் இருக்கிற மோடம் கத்தும். கிழவிக்கு ஜன்னி வந்த மாதிரிக் கத்தி, அப்புறம் அடங்கும். அடங்கினால் நெட் வந்துவிட்டது என்று அர்த்தம். இப்போது கத்தவே இல்லை. அத்தனை அமைதி அந்தக் கடையில் அதற்கு முன்னால் இருந்ததில்லை.

இரண்டு பேரும் கறுப்புத் திரையைத் திறந்து ஏதேதோ அடித்தார்கள். குட்டையானவன்தான் கடைசியில் சொன்னான்.

“சார், இந்த மோடம் இதுக்குத் தெரியல. ஒரு ஃபைல் போட்டா தெரிஞ்சிடும்.”

“போடு.”

“ஃபைல் நம்மகிட்ட இல்ல சார்.”

“எங்க கீது?”

குட்டையானவன் உயரமானவனைப் பார்த்தான். உயரமானவன் தரையைப் பார்த்தான்.

“நெட்ல சார்.”

முதலாளி அண்ணா திட்டவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் முட்டிமேல் வைத்துக்கொண்டார்.

“நெட்டு வரணும்னா ஒரு ஃபைல் வேணும். ஃபைலு வேணும்னா நெட்டு வேணும். அப்டித்தான?”

“ஆமா சார்.”

“உலகம் பூரா இருக்கறவங்க சேந்து பண்ணது.”

“ஆமா சார்.”

“பேஜார்” என்றார். 

குட்டையானவன், காலேஜ் லேபில் நெட் இருக்கிறது, லீவு நாளிலும் தன்னை உள்ளே விடுவார்கள், ஃபிளாப்பியில் ஏற்றிக்கொண்டு வருகிறேன் என்று கிளம்பினான். வாசலில் நின்ற பைக் அண்ணனே கொண்டு போய் விட்டார். அவர் தம்பிக்கும் ரிசல்ட். உயரமானவன் கறுப்புத் திரை முன்னாலேயே உட்கார்ந்தான். பத்து மணி ஆனது. கூட்டத்தில் சிலர் தாம்பரத்துக்கு ஷேர் ஆட்டோ பிடித்தார்கள். போனவர்களில் இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். ஸ்டேஷன் பக்கம் எல்லாக் கடையிலும் கூட்டம் ரோடு வரைக்கும் நிற்கிறதாம்.

நான் மூன்று போனையும் துடைத்தேன். துடைக்க ஒன்றும் இல்லை. கை சும்மா இருக்கவில்லை.

பத்தே முக்காலுக்கு நடு போன் அடித்தது. எடுத்தேன். குட்டையானவன்.

“அக்கா, ஃபைல் கெடச்சிருச்சு. இறங்கிட்டிருக்கு. அரை மணி நேரம் ஆகும்னு சார்ட்ட சொல்லுங்க.”

சொன்னேன். பம்மல் அம்மா எழுந்து வந்தார்.

“எங்கேந்து பேசறான்?”

“காலேஜ்லேர்ந்து.”

“நெட்டு மின்னாடி குந்திகினு கீறானா?”

“ஆமா.”

“அப்ப எம் பொண்ணு நம்பரை அவங்கிட்டயே கேளேம்மா. ஃபைலு இன்னாத்துக்கு?”

 உயரமானவன் கீபோர்டிலிருந்து கையை எடுத்தான். முதலாளி அண்ணா கேட்டது ஒன்றுதான்.

“அவன் போட்ட காலா, நாம போட்ட காலா?”

“அவன் போட்டது அண்ணா.”

“வெக்கச் சொல்லாத.”

அப்படித்தான் ஆரம்பித்தது. அவர்கள் நம்பரைச் சொல்வார்கள். நான் போனில் சொல்வேன். குட்டையானவன் அங்கே அடித்துப் பார்த்து, தமிழ், இங்கிலீஷ், கணக்கு, சயின்ஸ், சோஷியல் என்று வரிசையாகச் சொல்வான். நான் கேட்டதைக் கேட்டபடி சத்தமாகச் சொல்வேன். முதலாளி அண்ணா பத்து ரூபாய் வாங்குவார். லினக்ஸ் போட்ட கம்ப்யூட்டர் பொட்டோடு பக்கத்தில் எரிந்துகொண்டிருந்தது. உயரமானவன் அதன் கால்குலேட்டரில் கூட்டி மொத்தம் சொன்னான். அன்று லினக்ஸ் செய்த வேலை அதுதான். தப்பில்லாமல் செய்தது.

பம்மல் பெண் பாஸ். நல்ல மார்க். கணக்கில் தொண்ணூறுக்கு மேல்.

“அப்ப காலைல குடுத்த அறையத் திருப்பி வாங்கிக்க” என்றாள் அம்மாவிடம்.

“மேல படிக்கணும்ல, அதுக்கு வெச்சுக்கோ” என்றார் அந்த அம்மா. ஆனால் ஷிப்டுக்குப் போகவில்லை. வாசலில் நின்று வரிசையைப் பார்த்துக்கொண்டார். இடித்தவர்களை ஓரமாக நிற்க வைத்தார். அவரை யாரும் கேட்கவில்லை.

எல்லாரும் பாஸ் இல்லை. ஒரு மேஸ்திரியின் மகன் இங்கிலீஷில் போய்விட்டான். நான் பாஸ், ஃபெயில் என்று சொல்வதில்லை. மார்க்கைத்தான் சொன்னேன். முப்பத்தைந்துக்குக் கீழே வந்தால் கொஞ்சம் மெதுவாகச் சொன்னேன். இரண்டு மூன்று பேருக்குப் பிறகு அது தப்பு என்று தெரிந்தது. என் சத்தம் இறங்கியதுமே வாசல் வரைக்கும் புரிந்துவிட்டது. பையன் முகத்தை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அதன் பிறகு எல்லா மார்க்கையும் ஒரே சத்தத்தில் சொன்னேன். பதினேழையும் தொண்ணூற்றேழையும் ஒரே மாதிரி. அதைப் பழகக் கொஞ்ச நேரம் ஆனது.

கடைசி ஆள் போனபோது மணி பன்னிரண்டு தாண்டியிருக்கும். பம்மல் அம்மாவும் மகளும் கிளம்பக் கதவோரம் நின்றார்கள். அக்கா நடுக்கதவில் மோர் டம்ளர்களோடு வந்தார். முதலாளி அண்ணா கல்லாவைச் சாத்தினார்.

“முடிஞ்சிதா?” என்றார். “தம்பிய ஃபைல எடுத்துகினு வரச் சொல்லு. போனை வெய்யி.”

குட்டையானவனும் அங்கே அதையேதான் சொன்னான். “அக்கா, லேபைப் பூட்ட வந்துட்டாங்க. வெச்சிடவா?”

போனை வைத்துவிட்டு, சாயங்காலம் கம்ப்யூட்டர் சரியான பிறகு தனியாகப் பார்த்திருக்கலாம். ஆனால் அது சரியாகும் என்று அன்று நம்பியவர்கள் யாரும் இல்லை. உயரமானவன் முகத்திலேயே அந்த நம்பிக்கை இல்லை.

“இரு” என்றேன். “இன்னும் ஒண்ணு இருக்கு.”

முதலாளி அண்ணா வாசலைப் பார்த்தார். காலியாக இருந்தது.

“யாருதும்மா?”

நான் நம்பரைச் சொன்னேன். வாயில் இருந்ததுதான். ஒரு தடவை கூடத் தடுக்கவில்லை.

அங்கே கீபோர்டு சத்தம் கேட்டது. பின்னால் யாரோ சாவிக்கொத்தை ஆட்டினார்கள்.

“அக்கா, இது பிரைவேட்டா எழுதினவங்க நம்பர். ஒரே சப்ஜெக்ட்தான் வருது. கணக்கு மட்டும்.”

“சொல்லு.”

“யாருதுக்கா இது?”

“மார்க்கச் சொல்லுப்பா.”

முதலாளி அண்ணா எழுந்துவிட்டார். என்னைப் பார்த்தார். பரீட்சை நாள், நான் சபையில் ஜெபக்கூட்டம் என்று பொய் சொல்லி லீவு எடுத்த நாள், இரண்டும் ஒன்று என்று அவருக்குக் கணக்கு வந்திருக்க வேண்டும். அக்கா டம்ளர்களை மேசையில் வைத்தார். உயரமானவன் பழக்கத்தில் கால்குலேட்டரில் பழைய கூட்டலை அழித்து வைத்துக்கொண்டான். கூட்டுவதற்கு ஒன்றும் இல்லை என்று அவனுக்குத் தெரியாது.

குட்டையானவன் சொன்னான்.

காலையிலிருந்து எல்லாருக்கும் சொன்ன அதே சத்தத்தில், திரும்பிச் சொன்னேன்.

நாற்பத்திரண்டு.